தோலும் பாயாவும் பருப்பும்: அமினோ அமிலங்கள் குறித்து ஒரு நோக்கு

தமிழின் முதலெழுத்துகள் 30 என இலக்கண நூலார் வகுத்தனர். அவற்றைக் கொண்டே சங்கப் பாடல்கள் முதல் சீறாப்புராணம் ஈறாக அனைத்தும் எழுந்தன. உயிர்களின் உடலில் இயங்கும் புரதங்களுக்கும் இத்தகைய எழுத்துகள் உள. பொதுவாக 20 என எண்ணப்படும் அமினோ அமிலங்களே அவை. எழுத்து அதுவே, வரிசை மாறின் சொல் மாறும், பொருளும் மாறும். 51 எழுத்துகளாலான சிறு சொல் இன்சுலின். ஏறத்தாழ 1,000 எழுத்துகள் கொண்ட இழைகள் மூன்று முறுக்குண்டு அமைவது கொலாஜன். நம் எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே.

ஓரெழுத்துப் பிழை என்ன செய்யும் என்பதற்குக் குருதியே சான்று. ஈமோகுளோபினின் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் நிற்க வேண்டும். அங்கு வேலின் வந்தமர்ந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து நோய் உண்டாகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடையே இக்குருதி வகை காணப்படுவது 1952இல் அறியப்பட்டது.

கொலாஜனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகின்றோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்களோடு உறவுடைய குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல. அக்குடும்பத்து மாணவர் தம் தந்தையார் தொழிலை வேதியியல் எனக் கருதுவதில்லை. உண்மையில் அது அமினோ அமிலங்களோடு நாள்தோறும் நடத்தும் உரையாடலாகும். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் தோலை இடுகின்றனர். மயிர் கரைகிறது, தோல் நிற்கிறது. ஏன்? மயிரின் புரதமாகிய கெரட்டினில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் மிகுதி. கந்தகப் பிணைப்புகளே மயிருக்கு வலிமை. சல்பைடு அவற்றை அறுத்து விடுகிறது. தோலின் முதன்மைக் கொலாஜனிலோ சிஸ்டீன் இல்லை; அறுபடுவதற்கு அங்கு அப்பிணைப்பும் இல்லை. ஓர் அமினோ அமிலத்தின் இருப்பும் இன்மையுமே ஒரே தொட்டியில் ஒன்றைக் கரைத்து மற்றொன்றைக் காக்கின்றன!

பின்னர்ப் பதனிடுதல் நிகழும். முன்னோர் கையாண்ட ஆவாரம்பட்டையின் துவர்ப்பொருள் கொலாஜன் இழைகளைப் பற்றிக் கொண்டு அவற்றை அழுகாமற் காத்தது. இன்று மிகுதியும் வழங்கும் குரோமியமோ அஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் பக்கக் கிளைகளைப் பிணைக்கிறது. அக்குரோமியத்தால் பாலாறு பட்ட துயரை ஈண்டு விரிப்பின் பெருகும். 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை மாணவர் தேடிப் படிக்க வேண்டும்.

கொலாஜனின் முப்புரி வடிவை 1954இல் உலகுக்கு எடுத்துரைத்தோர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கொலாஜன் இழையில் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வருகிறது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுவே. மூன்று இழைகள் நெருங்கும் இடத்தில் வேறெதுவும் அடங்காது. அங்கு வேறோர் அமிலம் புகுந்தால் எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் வருவதுண்டு. 1963இல் இராமச்சந்திரனும் உடன் உழைத்தோரும் புரத இழை எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என வரைபடம் வகுத்தனர். எம்மெய் எம்மெய்யோடு மயங்கும் எனத் தொல்காப்பியர் வகுத்ததை இதனோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கூறுவது நம் வழக்கம். இயற்பியல் துறையினர் இதுவரை மறுப்புக் கூறவில்லை.

இனி உணவுக்கு வருவோம். 20 அமிலங்களுள் ஒன்பதை நம் உடலால் ஆக்கிக் கொள்ள இயலாது. ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், பினைல் அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், வேலின் என்பன அவை. உண்டே பெற வேண்டும். ஒன்று குறையினும் மற்றவை முழுப்பயன் தரா.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் நோயுற்றவருக்கும் ஆட்டுக்கால் பாயா காய்ச்சிக் கொடுப்பது நம் இல்லங்களின் மரபு. அதன் சுவையில் நமக்கும் பற்று உண்டு. ஆயினும் காலில் தசை சிறிது, கொலாஜனே மிகுதி. நெடுநேரம் கொதிக்கையில் அது ஊன்பசையாகிக் குழம்பில் இறங்குகிறது. அப்பசையில் டிரிப்டோஃபேன் அறவே இல்லை. பாரிசில் ஏழையரின் மருத்துவமனைகளில் எலும்புப் பசைச் சாற்றை இறைச்சிக்கு ஈடாக வழங்கியதொரு காலம். மஜாந்தி தலைமையிலான குழு நாய்களை வைத்து ஆய்ந்து, பசை மட்டும் உயிரைத் தாங்காது என 1841இல் அறிவித்தது. காரணம் அப்பொழுது விளங்கவில்லை. டிரிப்டோஃபேனை ஹாப்கின்ஸ் கண்டறிந்ததே 1901இல்தான். ஆடவர் இறைச்சியை உண்டு எழுந்தபின் எலும்பும் சாறுமே பெண்டிர்க்கு எஞ்சும் வீடுகளில் இச்செய்தி வெறும் வரலாறன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பாயாவுடன் ஒரு முட்டையோ மீன் துண்டோ கிண்ணம் பருப்போ சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இன்று பெருவிலைக்கு விற்கும் கொலாஜன் மாவுக்கும் இக்குறை உண்டு. உண்ட கொலாஜன் குடலில் உடைந்தே உட்செல்கிறது. முழுக் கொலாஜனாக முகத்தோலைச் சென்றடைவதில்லை.

அரிசியின் குறை லைசின். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் லைசின் வேண்டும். நூறு கிராம் அரிசியிலோ 250 மில்லிகிராம் அளவே உள்ளது. அரிசி ஒன்றாலேயே நிரப்பப் புகின் 700 கிராமுக்கு மேல் உண்ண நேரிடும். துவரம்பருப்பு 100 கிராமில் 1,500 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. பருப்பில் குறைவதோ மெத்தியோனின். அது அரிசியில் உண்டு. இட்லியில் உளுந்தும், பொங்கலில் பாசிப்பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்க வந்தவையே. நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் சிறிது கொத்துக்கறியும் சேர்வதும் அவ்வாறே. பருப்பு விலை ஏறுந்தோறும் அக்கஞ்சியில் முதலில் சுருங்குவது பருப்பின் பங்கு. அரிசியையும் நீரையும் கூட்டி அளவை நிரப்பி விடலாம், லைசின் நிரம்பாது. கஞ்சி காய்ச்சும் பொறுப்பேற்ற பெரியோர் கறியைச் சற்றுக் குறைப்பினும் பருப்பின் பிடியைக் குறைக்க வேண்டா என்பது நம் வேண்டுகோள். சிறுநீரக நோயாளர் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து உண்பாராக.