இரைப்பைக்கு ஒரு சாளரம்

நாம் உண்ட உணவு இரைப்பையை அடைந்தபின் யாதாகிறது? நெடுங்காலம் இவ்வினா அறிஞர்களை மயக்கிற்று. உணவு அங்கு அரைபடுகிறது என்றனர் சிலர். அழுகுகிறது என்றனர் வேறு சிலர். ஒருவகை நீரில் கரைகிறது என்றனர் மற்றுஞ் சிலர்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்க நாட்டின் வடபால் உள்ள மாக்கினா தீவில், கடையொன்றில் துப்பாக்கி ஒன்று தற்செயலாக வெடித்தது. மென்மயிர்த் தோல் வாணிகத்தில் கூலிக்குப் படகு வலித்துவந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடிய இளைஞரின் இடப்புற விலா சிதைந்தது. படை மருத்துவர் வில்லியம் போமான்ட் விரைந்து வந்து மருத்துவம் செய்தார். பிழையார் என அவர் எண்ணிய இளைஞர் பிழைத்தார். ஆயினும், இரைப்பைக்கு நேரே ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது.

போமான்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். மூத்த மருத்துவர் ஒருவரின் உடனிருந்து தொழில் கற்றவர். அவருக்கு அத்துளையே கல்லூரியாயிற்று. 1825இல் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலிற் கட்டி, அதன்வழியே உள்ளே விடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்க்கையில் ரொட்டியும் கோசும் ஏறத்தாழப் பாதி கரைந்திருந்தன, இறைச்சியோ மாறாதிருந்தது. பின்னர் இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சியை இட்டார். அதுவும் மெல்லக் கரைந்தது! செரித்தல் ஒரு வேதியியல் நிகழ்ச்சி என்பது தெளிவாயிற்று. சினம் மிகுந்தபோது செரிமானம் குன்றுவதையும் அவர் கண்டார். இவற்றையெல்லாம் 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சினும் உள்ளன என இன்று மருத்துவ மாணவர் கற்கின்றனர்.

போமான்ட் புகழ் பெற்றார். செயின்ட் மார்ட்டினோ வறியவராகவே வாழ்ந்தார். சிறு ஊதியத்திற்கு ஒப்பந்தம் எழுதி, மருத்துவர் வீட்டில் ஏவல் செய்துகொண்டே சோதனைகளுக்கும் உடன்பட்டார். அவை தந்த துன்பத்தைப் பொறாது பன்முறை சொந்த ஊருக்குத் திரும்பினார். 1880இல் அவர் மறைந்தபொழுது, மருத்துவர்கள் உடலைக் கேட்டும் குடும்பத்தார் இசைந்திலர். உடல் அழுகும்வரை வைத்திருந்து ஆழமாகப் புதைத்தனர்.

அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. மனிதரைச் சோதனைக்கு உட்படுத்துமுன் அவர் அறிந்து மனமார இசைதல் வேண்டும் என்னும் நெறியை 1947இல் நியூரம்பர்க் விதிகளும் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் வலியுறுத்தின. இரைப்பை நீரின் இயல்பைப் பயில்வோர், தம் உடலையே பாடமாகத் தந்த அவ்வேழைத் தொழிலாளியையும் நினைத்தல் கடனாகும்.