24 போர்ட் சுவிட்ச் வேகத்தைப் பங்கு போடுமா?

"தம்பி, 24 போர்ட் வேணாம். ஸ்பீட் 24 பங்காப் பிரிஞ்சிரும். எட்டுப் போர்ட்டுல மூண்டு போடுங்க."

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்தக் காரியாலயத்துக்கு வயர் இழுக்கப் போனாலும் இதே கதைதான். சொல்பவர் முகாமையாளர். அவருக்குச் சொன்னவர் கடைக்காரர். கடைக்காரருக்கு யார் சொன்னார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

வேகம் பங்கானது ஹப் காலத்தில். ஒரு கம்பியூட்டர் அனுப்புவதை ஹப் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அனுப்பலாம். இருவர் அனுப்பினால் மோதல். அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1990இல் அமெரிக்காவில் கல்பனா என்ற கம்பனி முதல் ஈதர்நெட் சுவிட்சைக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டது. ஹப் கடையை விட்டே போய்விட்டது. பயம் மட்டும் கல்முனையில் நிற்கிறது.

எந்த இயந்திரம் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை சுவிட்ச் குறித்து வைத்துக்கொள்ளும். கணக்காளர் பிரிண்டருக்கு அனுப்புவது பிரிண்டருக்கு மட்டுமே போகும். பக்கத்து மேசை அதற்காகக் காத்திருக்காது. 24 போர்ட் கிகாபிட் சுவிட்சின் விபரத்தாளைப் பாருங்கள்: 48 கிகாபிட் என்று போட்டிருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் போக ஒன்று, வர ஒன்று. பங்கு எங்கே இருக்கிறது?

உண்மையான பங்கு, எட்டுப் போர்ட் மூன்றைக் கோத்துப் போடும்போதுதான் வருகிறது. ஒரு பெட்டியில் உள்ள ஏழு பேர் அடுத்த பெட்டியில் இருக்கும் சர்வரைத் தொட வேண்டுமென்றால், ஏழு பேரும் ஒரே இணைப்பு வயரில் நெரிபட வேண்டும். அதோடு கோப்பதற்கே நாலு போர்ட் போய்விடும். 24க்குக் காசு கொடுத்தவருக்குக் கையில் 20. மூன்று அடப்டர், மூன்று பிளக் வேறு.

வேறு கேள்விகளும் வரும். கிகாபிட் சுவிட்ச் போட்டால் இன்டர்நெட் பறக்குமா? பறக்காது. பைபர் பக்கேஜ் 100 மெகாபிட் என்றால் 100தான். கேமராவுக்குக் கரண்டும் தானே வருமா? பிஓஇ என்று எழுதியிருந்தால் மட்டும். அதிலும் மொத்தம் எத்தனை வாட் என்று பார்த்து வாங்குங்கள். மின்விசிறி உள்ளதுதான் நல்லதா? நம் கரையில் அது உப்புக்காற்றை உள்ளே இழுத்துத் தகட்டில் பூசும். விசிறி இல்லாத உலோகப் பெட்டியே போதும்.

அன்மெனேஜ்ட் சுவிட்சில், அதாவது செட்டிங் எதுவும் இல்லாமல் வயரைக் குத்தினாலே ஓடும் வகையில், பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மேசைக்கடியில் ஒரு வயர் நுனி சும்மா கிடக்கிறது. கூட்டிப் பெருக்குபவர் நல்லெண்ணத்தில் அதைச் சுவர்ச் சொக்கெட்டில் குத்திவிடுகிறார். அந்தச் சொக்கெட்டும் வயரின் மறுநுனியும் போய்ச் சேர்வது ஒரே சுவிட்சில். வளையம் விழுந்துவிட்டது. அனுப்பிய தகவல் ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். எல்லா லைட்டும் ஒரே சீராக வெறிபிடித்து மின்னும். முழுக் காரியாலயமும் படுத்துவிடும். உடனே "சுவிட்ச் பழுது" என்று அதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள்!

ஆகவே வளையத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி உள்ள மொடலாகக் கேட்டு வாங்குங்கள். வயர்களின் இரண்டு நுனியிலும் நம்பர் ஒட்டுங்கள். லேபிள் ஒட்டாமல் வேலை முடிந்தது என்று சொல்லும் வயர்காரருக்கு, நானாகவே இருந்தாலும், மீதிக் காசைக் கொடுக்காதீர்கள்.