கச்சிபௌலி குளிருக்குச் சில ஏற்பாடுகள்

ஹைதராபாத்தின் கச்சிபௌலி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சில நாள் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். பகலில் நல்ல வெயில். அதனால் ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்ட வசதியான இரண்டு மெல்லிய உடைகளே மேல். இரவுப் பணி முடிந்து பைக்கில் திரும்புவோருக்குக் காற்றுப் புகாத ஜெர்கின் அவசியம்.

இட்லி மாவு சென்னையில் பொங்குவதுபோல் இங்கே பொங்காது. கையால் கரைத்து, அணைத்த மைக்ரோவேவுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைத்து மூடலாம். தயிருக்கு ஹாட்பாக்ஸ் போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது கேஸ் கீசர். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது எரிந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே பறிக்கும். அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் பொருத்துவதே சரி. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது.