மரப்பாச்சி

நாகலாபுரம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ள ஊர். வேதநாராயணர் கோயிலால் புகழ் பெற்றது. இவ்வூரை அடுத்த மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. அத்தொடரின் தென்பகுதியே செம்மரத்தின் தாயகம். உலகில் வேறெங்கும் இம்மரம் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை.

செம்மரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்து செந்நிறமாக இருக்கும். நீரில் இட்டால் மூழ்கும். அவ்வைரத்தில் செதுக்கப்படுவதே மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக இணைப் பொம்மைகள் செய்வர். ஒரே துண்டில், கைகள் உடலோடு ஒட்டியிருக்குமாறு செதுக்குவதால் அவை எளிதில் ஒடிவதில்லை. திருமலைக்குச் சென்றோர் இவற்றைத் திருப்பதியில் வாங்கி வந்தனர். தாய் விளையாடிய பொம்மைக்கு மகள் புத்தாடை உடுத்தி, நவராத்திரிக் கொலுவில் வைத்தாள்.

காளத்திக்கு அருகிலுள்ள மாதவமாலா என்னும் சிற்றூரில் மரச்சிற்பக் கலைஞர்கள் இன்றும் உளி பிடிக்கின்றனர். ஆனால், களவாக வெட்டிக் கடத்தப்படுவதால் செம்மரம் அருகி வருகிறது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேறு மரங்களில் செதுக்கிச் செஞ்சாயம் பூசிய பொம்மைகளும் இப்போது விற்கப்படுகின்றன.

கையளவு மரப்பாச்சிக்குச் சிறு துண்டு போதும். அத்துண்டைத் தரும் மரம் முதிரவோ பல பத்தாண்டுகள் ஆகும். காடு காக்கப்பட்டால்தான் கலையும் நிலைக்கும்.

சொற்பொருள்
வைரம் – மரத்தின் உறுதியான நடுப்பகுதி
அருகி – குறைந்து
களவாக – திருட்டுத்தனமாக

வினாக்கள்
1. செம்மரத்தின் தாயகம் எது?
2. மரப்பாச்சி எளிதில் ஒடிவதில்லை; ஏன்?
3. செம்மரம் அருகி வருவதற்குக் காரணம் யாது?

செயல்பாடு
உன் பாட்டியிடம் மரப்பாச்சி பற்றிக் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.