சின்னக் கல், பெரிய விரிசல்

கேள்வி: திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அடிக்கடி காரில் போகிறேன். கல் தெறித்து முன்கண்ணாடியில் மிளகளவு பெயர்ந்துவிட்டது. சின்னக் கல்லுக்கு இவ்வளவு பலமா? கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: பலம் வேகத்தில் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் 4 மடங்காகும். 50 கி.மீ. வேகத்தில் தட்டிவிட்டுப் போகும் கல், 100 கி.மீ. வேகத்தில் கண்ணாடியைப் பெயர்த்துவிடும்.

உங்கள் மாவட்டத்தில் வானூர், திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. டிப்பரில் தார்ப்பாயை இழுத்துக் கட்டாவிட்டால் ஜல்லி சாலையில் சிந்தும். அடுத்து வரும் வண்டியின் டயர் அதைக் கவ்விப் பின்னால் வீசும்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே பெயரும். படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பக்கக் கண்ணாடிபோல அது பொலபொலவென்று உதிர்வதில்லை.

மிளகளவு என்றால் பொதுவாக மாற்ற வேண்டாம். தூசியும் தண்ணீரும் புகாமல் மேலே டேப் ஒட்டி, சீக்கிரமே ரெசின் நிரப்பச் சொல்லுங்கள். வெயிலில் கொதித்த கண்ணாடிமேல் ஏசி காற்றை முழு வேகத்தில் விடாதீர்கள், விரிசல் ஓடும். அது ஓரம்வரை ஓடிவிட்டாலோ, ஓட்டுநரின் பார்வையை மறைத்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிப்பரை ஒட்டிப் போகாதீர்கள். சரக்கை மூடாமல் ஓட்டுவது குற்றம். பின்னால் வரும் பைக்காரருக்குக் கண்ணாடித் தடுப்புகூட இல்லை.