ஆப்பிரிக்கத் துலிப் மரம்: இயல்பும் வளர்ப்பும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்வோர், உச்சிக் கிளைகளில் செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துகளை ஏந்தி நிற்கும் உயர்ந்த மரங்களைப் பார்த்திருப்பார்கள். அதுவே ஆப்பிரிக்கத் துலிப் மரம். அதன் அழகைக் கண்டு, பள்ளி வளாகத்திலும் வீட்டு முற்றத்திலும் நட விரும்புவோர் உண்டு. மரத்தை ஒருமுறை நட்டால் அதன் பலனையும் தொல்லையையும் நெடுங்காலம் ஏற்க வேண்டும். ஆகையால் அதன் இயல்பை முன்னதாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

பெயரும் பிறப்பிடமும்

துலிப் என்பது கிழங்கிலிருந்து முளைக்கும் குளிர்நாட்டுப் பூச்செடி. அப்பூவை ஒத்த மலருடைய மரங்கள் சிலவற்றிற்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. வட அமெரிக்காவின் துலிப் மரம் செண்பகக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பூவரசுக்கும் இந்தியத் துலிப் மரம் என்ற பெயர் உண்டு. நாம் இங்கே ஆராய்வது, வெப்ப ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஸ்பத்தோடியா காம்பனுலேட்டா என்னும் மரம்.

1908-இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர், ஒருவகை மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொரு வகை பூக்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்து நடும் முறையைப் பெங்களூரில் கையாண்டார். அந்நகரை அழகுசெய்யும் அயல்நாட்டு மரங்களுள் இதுவும் ஒன்று.

மரத்தின் தன்மை

இது விரைந்து வளர்ந்து 80 அடி வரை உயரக்கூடியது. மலர்கள் கிண்ணம்போல் மேல்நோக்கி விரியும். அதில் தேங்கும் தேனையும் நீரையும் பறவைகள் அருந்தும். மொட்டின் உறையினுள் நீர் நிறைந்திருக்கும். சிறுவர் அதனை அழுத்திப் பீச்சி விளையாடுவர். கன்னடத்தில் இதற்கு நீருக்காயி மரம் என்று பெயர். படகு போன்ற காய் வெடித்தால் மெல்லிய இறகுடைய விதைகள் காற்றில் பறக்கும். ஒரு காயில் சுமார் 500 விதைகள் இருக்கும்.

வளர்ப்பு முறை

முழு வெயிலும், வடிகால் உள்ள வளமான மண்ணும் இதற்கு ஏற்றவை. உறைபனியைத் தாங்காது. சுமார் 3,000 அடி உயரமுள்ள நம் வட்டாரத்தில் நன்கு வளரும். விதை, வேர்த்துண்டு, வேரில் கிளைக்கும் கன்று ஆகியவற்றால் உற்பத்தி செய்யலாம். இரண்டடி ஆழ, அகலமுள்ள குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து இட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். மரத்திற்கு மரம் 30 அடி இடைவெளி தேவை. முதல் இரண்டு ஆண்டுகள் கோடையில் நீர் ஊற்றி, ஆடுமாடு கடிக்காதவாறு வேலி அமைத்தல் வேண்டும். நீர் குறைந்தால் இலை உதிரும். பக்கக் கன்றுகளை அவ்வப்போது அகற்றி, ஒரே தண்டாக வளர்க்க வேண்டும்.

எச்சரிக்கை

இதன் கட்டை மிக மென்மையானது. சித்திரை, வைகாசியில் இடியுடன் வரும் சூறைக்காற்றில் கிளைகள் முறிந்து விழும். ஆகையால் வீடு, பள்ளி, மின்கம்பி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் அருகே நடுதல் ஆபத்து. கட்டை மரவேலைக்கு உதவாது. விறகாகவும் எளிதில் எரியாது.

இதன் மலர், கொடுக்கில்லாத சிறு தேனீக்களைக் கொல்லும் என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. இக்காரணத்தாலேயே பிரேசில் நாட்டின் சாந்தா கத்தரீனா மாநிலம் 2019-இல் இம்மரத்தை நடுவதற்குச் சட்டப்படி தடைவிதித்தது. ஹவாய், பிஜி முதலிய தீவுகளில் தானாகப் பரவித் தரிசு நிலங்களையும் காடுகளையும் பற்றிக்கொண்டது. உலகில் மிகுந்த தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனையும் சேர்த்துள்ளது.

அழகுச் செடியென்று நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று காடுகளில் புல்லையும் இளங்கன்றுகளையும் நெருக்கி நிற்பதைக் கால்நடை மேய்ப்போர் நன்கறிவர். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் நம் வட்டாரத்தில் உள்ளது. காற்றில் பறக்கும் விதையுடைய மரத்தைக் காட்டோர ஊர்களில் நட்டால், அதே அனுபவம் மீண்டும் நேரக்கூடும்.

எதை நடலாம்?

ஏற்கெனவே உள்ள மரங்களை அஞ்சி வெட்ட வேண்டியதில்லை. பட்ட கிளைகளைக் கழித்து, முளைக்கும் கன்றுகளைக் களைந்தால் போதும். புதிதாக நட விரும்புவோர் காட்டிலிருந்து விலகிய திறந்தவெளிப் பூங்காவில் மட்டுமே, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் ஒன்றிரண்டை வைக்கலாம்.

பொது இடங்களுக்கு நம் நாட்டு மரங்களே சிறந்தவை. பூவரசு நிழலோடு மஞ்சள் மலரும், உறுதியான மரமும், ஆட்டுக்குத் தழையும் தரும். போத்து நட்டாலே வேர்பிடிக்கும். கன்னடர் ஹூவரசி என்றும் தெலுங்கர் கங்கராவி என்றும் அழைக்கும் இம்மரம் மும்மொழியினருக்கும் பழகியது. சாலைக்குப் புங்கு, ஓடைக்கரைக்கு நாவல் ஆகியவை பொருந்தும்.

2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் மாநிலப் பரப்பில் 33 சதவீதமாக உயர வேண்டும் என்னும் குறிக்கோளை உடையது. இப்பணியில் ஈடுபடும் ஊராட்சிகளும் மாணவரும், கன்று வாங்குமுன் அதன் பூவோடு கட்டையையும் வேரையும் விதையையும் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். இடமறிந்து நடும் மரமே ஊருக்குச் செல்வமாகும்.