வீட்டில் இருந்தே வேலை: எழுதாத உழைப்பு எண்ணப்படாது

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவி)

முன்னுரை



நம் கல்லூரியில் டிப்ளமோ முடித்துப் போகிறவர்களில் சிலர் இப்போது வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறார்கள். கட்டிட பிளான் வரைவது, கம்பி அட்டவணை போடுவது, மதிப்பீடு தயாரிப்பது போன்ற வேலைகளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். "பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டாம்" என்று நமக்கெல்லாம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆபீஸில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் முதலாளியின் கண்ணில் படுகிறார். வீட்டில் இருப்பவர் ராத்திரி பன்னிரண்டு மணி வரை வேலை செய்தாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. வேலையும் ஒழுங்காக நடக்க வேண்டும், அது முதலாளிக்குத் தெரியவும் வேண்டும். இதற்கு என்ன வழி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் இன்னும் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் இருந்தே வேலை செய்கிற ஒருவர் வளர்த்த பிள்ளை நான். என் அம்மா பீடி சுற்றுகிறார்.

சொல் புதிது, வேலை பழையது

ஆபீஸுக்குப் போகாமல் தொலைத்தொடர்பு வழியாக வேலை செய்வதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று 1973-ஆம் ஆண்டு பெயர் வைத்தவர் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர். நம் நாட்டில் 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கிய பிறகுதான் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்ற சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. ஆனால் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் உள்ள பெண்களுக்கு இது புதிது அல்ல. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறார்கள்.

கடையில் இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, தலை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. என் அம்மா ஆயிரம் என்று நினைத்து உட்கார மாட்டார். "ஆயிரம்னு நெனச்சா மலைப்பா இருக்கும். பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுக்கு முன்ன பத்து கட்டு, சோறு வடிக்கிறதுக்கு முன்ன பத்து கட்டுன்னு வச்சுக்கிடணும்" என்பார். இலை வெட்டுவதை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுவார். சுளகை மடியில் வைத்துவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, நேரத்துக்கு ஏற்ற வேலையைச் செய்வது, இடையில் எழாமல் இருப்பது ஆகிய மூன்றையும் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் திண்ணையில் படித்தேன்.

ஆனால் அம்மா உழைத்த அத்தனையும் கணக்கில் ஏறவில்லை. பீடிக் கடையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. எவ்வளவு இலை, தூள் கொடுத்தது, எத்தனை பீடி வந்தது என்று அதில் பதிவார்கள். அம்மா முதல் எட்டு வருஷம் தெரிந்தவர் ஒருவரின் பாஸ் புத்தகத்தில்தான் பீடி போட்டார். "ஒம் பேர்ல அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சொன்னவர்கள் பார்க்கவே இல்லை. சொந்தப் பெயரில் புத்தகம் கிடைத்தது 2019-இல்தான். 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 வருஷப் பணிக்காலம் வேண்டும். அந்த எட்டு வருஷமும் அம்மா பெயரில் இருந்திருந்தால் இந்நேரம் பத்தைத் தாண்டியிருக்கும். கை வலித்தது அம்மாவுக்கு, வருஷம் ஏறியது வேறொருவருக்கு. வீட்டில் செய்யும் வேலை எழுத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பார்ப்பது என்றால் என்ன?

'வீட்டில் வேலை செய்பவரை நாங்கள் மேற்பார்வை செய்ய முடியாது, ஆகவே அவர் எங்கள் தொழிலாளி அல்ல' என்ற வாதம் பழைய வாதம். 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, மூலப்பொருளை வாங்கிப் போய் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே அது கணக்கில் எடுத்தது. பிறகு வருங்கால வைப்பு நிதி விஷயத்திலும் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-இல் தீர்ப்பு வந்தது. தரம் இல்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. அதுவே போதுமான மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஆகும். எனவே வீட்டில் சுற்றுபவருக்கும் வைப்பு நிதி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. முதலாளி பார்க்க வேண்டியது நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அல்ல, நம் கையிலிருந்து வரும் வேலையை. அதைப் பார்க்கவும், சரி தவறு சொல்லவும் வழி இருந்தால், நாம் எந்த ஊரில் இருந்தாலும் அவர் கண்ணில் இருக்கிறோம் என்றே பொருள்.

ஷாங்காய் நகரில் ஒரு சோதனை

பீடிக்கு எண்ணிக்கை உண்டு, கம்ப்யூட்டர் வேலைக்கு அப்படி உண்டா என்று கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் இருக்கிறது. அங்கே தொலைபேசியில் விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் பதிவு செய்து தரும் ஊழியர்களில், வீட்டில் இருந்து வேலை செய்ய விரும்பி, அதற்குத் தகுதியும் பெற்றவர்கள் 249 பேர். தகுதி என்பது தனி அறை, பிராட்பேண்ட் வசதி போன்றவை. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும் ஒரு நாள் ஆபீஸிலும் வேலை செய்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் ஐந்து நாளும் ஆபீஸ். 2010 டிசம்பரில் தொடங்கி 9 மாதம் இது நடந்தது. ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம். முடிவுகள் 2015-இல் வெளிவந்தன.

வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இதில் 9 சதவீதம், இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற லீவும் குறைந்து, அதிக நிமிடம் வேலை செய்ததால் வந்தது. மீதி 4 சதவீதம், அமைதியான சூழலில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கவனித்ததால் வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இதுவரை நல்ல சேதி. இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது! மேலதிகாரி கண்ணில் படாதது ஒரு காரணமாக இருக்கலாம். மேல்பதவிக்கு வேண்டிய விவரங்களை ஆபீஸில் நாலு பேரோடு இருந்து கற்க முடியாமல் போனதும் காரணமாக இருக்கலாம். எண்ணிக்கை காட்டினால் சம்பளம் வரும். மேலே ஏற அது மட்டும் போதாது.

அதே நிறுவனம் பின்னாளில் டிரிப்.காம் என்ற பெயரில் 1,612 ஊழியர்களைக் கொண்டு இன்னொரு சோதனை செய்தது. இம்முறை வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். 2024-இல் வெளியான முடிவின்படி, வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்வில் எந்தக் குறைவும் ஏற்படவில்லை. ஆக, எழுத்தும் வேண்டும், இடையிடையே முகமும் வேண்டும் என்பது தெளிவு.

நம்முடைய பாஸ் புத்தகம் எது?

நம் துறையில் படித்து முடித்த ஓர் அக்கா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஆட்டோகேடில் டிராயிங் போட்டுத் தருகிறார். சேர்ந்த முதல் ஆறு மாதம் ஓய்வில்லாமல் வரைந்தார். சம்பள உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. கேட்டால், "நீங்க என்ன பண்றீங்கன்னே எங்களுக்குத் தெரியலையேம்மா" என்றார்களாம். அவர் வரைந்த டிராயிங்கை ஆபீஸில் இருந்தவர் திறந்து, சிறு திருத்தம் செய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' என்ற இடம் காலி. அம்மாவின் எட்டு வருஷக் கதைதான் இது. இடம்தான் வேறு.

டைட்டில் பிளாக்கை நாம் முதல் வருஷமே படித்தோம். டிராயிங் எண், தேதி, ஸ்கேல், வரைந்தவர், சரிபார்த்தவர், ரிவிஷன் அட்டவணை. பரீட்சைக்கு ஐந்து மார்க் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதுதான் நம் பாஸ் புத்தகம்!

கடைப்பிடிக்க வேண்டியவை

அந்த அக்கா சொன்னதையும் அம்மாவிடம் கண்டதையும் சேர்த்துக் கீழே தொகுத்திருக்கிறேன்.

1. காலையில் மூன்று வரி. இன்று எந்த டிராயிங், எவ்வளவு தூரம், யாரிடம் என்ன விவரம் வேண்டும் என்று வேலை தொடங்குமுன் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

2. மாலையில் மூன்று வரி. 'நாள் முழுக்க வேலை பார்த்தேன்' என்று எழுதக் கூடாது. 'முதல் தளம் பீம் விவரம் முடிந்தது, ரிவிஷன் 2 அனுப்பியாயிற்று, படிக்கட்டு விவரம் பாக்கி, சைட்டிலிருந்து அளவு வரவில்லை' என்று எழுத வேண்டும். படிப்பவர் நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

3. பெயரும் தேதியும் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. ஃபைல் பெயரிலேயே டிராயிங் எண்ணும் ரிவிஷன் எண்ணும் இருக்கட்டும். 'பைனல்', 'புது பைனல்' என்று பெயர் வைத்தால் நாளைக்கு நமக்கே புரியாது.

4. தடங்கலை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு நாள் அக்கா ஊரில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பத்து மணிக்கே போன் செய்து, "சாயங்காலம்தான் வருமாம், நாளைக் காலை கொடுக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டார். இன்ஜினியர் சைட் வேலையை மாற்றி வைத்துக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குச் சொல்லியிருந்தால் அது சாக்காகத் தெரிந்திருக்கும்.

5. தவறை மறைக்கக் கூடாது. சரியில்லாத பீடியைக் கடைக்குப் போகுமுன் அம்மாவே கழித்துவிடுவார். நாமும் அனுப்புமுன் ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். அனுப்பிய பின் தெரிந்தால் நாமே முதலில் சொல்ல வேண்டும்.

6. எல்லா நேரமும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது வேலை ஆகாது. வாட்ஸ்அப் சத்தம் கேட்டதும் ஓடினால் ஒரு கோடு முழுசாகப் போட முடியாது. எந்த நேரம் போனில் கிடைப்பேன், எந்த நேரம் வரைவேன் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

7. மாதம் ஒருமுறையாவது ஆபீஸுக்கோ சைட்டுக்கோ நேரில் போய் வர வேண்டும். நாம் வரைந்த கம்பி அங்கே எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்பது படிப்பும் ஆகும், நம் முகம் தெரிந்ததாகவும் ஆகும்.

8. நமக்கென்று ஒரு நகல் வேண்டும். பாஸ் புத்தகம் கிடைத்த பிறகும் அம்மா தினமும் காலண்டரில் அன்றைய எண்ணிக்கையைத் தானும் குறித்து வைக்கிறார். அம்மா படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அந்தக் காலண்டரைக் காட்டி ஒருமுறை கணக்கையே திருத்த வைத்திருக்கிறார்.

வீட்டாருக்கும் தெரிய வேண்டும்

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், முக்கியமாக நம் மாணவிகளுக்கு. "வீட்லதானே இருக்க, இத கொஞ்சம் பாத்துக்கோ" என்ற சொல் நம் நேரத்தைத் தின்றுவிடும். ஷாங்காயில் தனி அறை உள்ளவர்களைத்தான் சோதனைக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான். ஆனால் அம்மா மடியில் சுளகு இருந்தால் அவர் வேலையில் இருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தனி அறை இல்லாவிட்டாலும் அப்படி ஓர் அடையாளமும், சொல்லிவைத்த நேரமும் இருக்க வேண்டும். அக்கா பகலில் மூன்று மணி நேரம் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிடுவார். அந்த மூன்று மணி நேரத்தில்தான் கடினமான டிராயிங் எல்லாம் முடியுமாம்.

முடிவுரை

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இந்தக் கட்டுரையை எழுதிவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏட்டி, எட்டு வருஷம்னு போட்டிருக்கியே, அது எட்டு வருஷம் நாலு மாசம்" என்றார். எங்கும் எழுதப்படாத அந்தக் கணக்கு அவர் மனசில் மட்டும் இருக்கிறது.

மனசில் இருக்கிற கணக்குக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நண்பர்களே, நாளை லேபுக்குப் போனதும் உங்கள் டிராயிங் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். 'வரைந்தவர்' என்ற இடம் காலியாக இருந்தால், இன்றைய தேதியோடு உங்கள் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.